கழிவுநீருக்கு மூச்சு கொடுத்த கில்பர்ட் ஃபவுலர்

கேமரன் மலையின் வடபுறத்தில், கம்போங் ராஜா போகும் வழியில் உள்ளது கோலா தெர்லா. ஓர் ஆறு இன்னோர் ஆற்றில் கலக்கும் இடத்தை மலாய் மொழியில் கோலா என்பார்கள். தெர்லா ஆறு தெலோம் ஆற்றோடு சேரும் இடம் இது. சரிவுகளில் தேயிலை, சமவெளித் துண்டுகளில் காய்கறியும் பூவும், இடையிடையே நம் மக்கள் வாழும் வீடுகள். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் இதே ஊரில்தான் இருக்கிறது.

ஆற்றோரம் வாழ்கிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. மேலே ஒருவர் விடும் தண்ணீரைத்தான் கீழே இன்னொருவர் எடுக்கிறார். தெலோம் ஆற்று நீர் சுரங்கம் வழியாகப் பெர்தாம் பக்கம் திருப்பப்படுகிறது. 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் அது சேர்கிறது. அங்கிருந்து மின்சாரம் எடுப்பதற்காகப் பேராக் மாநிலம்வரை இறங்குகிறது. எனவே, லயத்துக்குப் பின்னால் நிரம்பி வழியும் ஒரு கழிவுத் தொட்டி அந்த லயத்தின் விவகாரம் மட்டும் அல்ல.

அந்தத் தொட்டிக்குள்ளும், நகரங்களில் உள்ள பெரிய சுத்திகரிப்பு நிலையங்களுக்குள்ளும் அழுக்கை உண்மையில் யார் நீக்குகிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் கில்பர்ட் ஜான் ஃபவுலர். 1868இல் பிறந்து 1953இல் மறைந்த ஆங்கிலேய வேதியியலாளர். நடுவயதுக்குப் பிறகு பல ஆண்டுகள் இந்தியாவில் பணியாற்றினார். கழிவுநீர்த் துறையினர் மரியாதையோடு நினைக்கும் இந்தப் பெயர் நம் வீடுகளில் அதிகம் பேசப்பட்டதில்லை. ஆனால் அவர் வழிகாட்டிய முறை இன்று உலகின் எண்ணற்ற நகரங்களில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அழுக்கை நகர்த்துவது வேறு, நீக்குவது வேறு

ஃபவுலர் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1858 கோடையில், லண்டனின் தேம்ஸ் ஆறு தாங்க முடியாத நாற்றம் எடுத்தது. அதன்பின் ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் லண்டனுக்கு மாபெரும் நிலத்தடிச் சாக்கடைகளைக் கட்டினார். நகரம் மூச்சுவிட்டது. ஆனால் அந்தச் சாக்கடைகள் கழிவை நகரத்துக்குக் கீழே கொண்டுபோய் அதே ஆற்றில்தான் விட்டன. நகர்த்துவதற்கு வழி கிடைத்துவிட்டது. நீக்குவதற்கு வழி கிடைக்கவில்லை.

மான்செஸ்டர் நகரமும் இதே சிக்கலில் இருந்தது. பஞ்சாலைகளும் சாயப் பட்டறைகளும் நிறைந்த ஊர். 1894இல் கடலிலிருந்து நகரம்வரை கப்பல் வரும் பெரிய கால்வாய் திறக்கப்பட்டது. நகரத்தின் கழிவு அதில் கலந்தால் கால்வாயே சாக்கடையாகிவிடும். அதைத் தடுக்க டேவிஹியூம் என்ற இடத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியில் வேதியியல் படித்த ஃபவுலர், அந்நகராட்சியின் கழிவுநீர்ப் பிரிவில் வேதியியலாளராகச் சேர்ந்து, பின்னர் பொறுப்பாளராக உயர்ந்தார்.

படித்த ஒருவர் சாக்கடை வேலைக்குப் போவதை அக்காலத்தில் பலர் பெருமையாக நினைத்திருக்க மாட்டார்கள். நம் ஊரிலும் இதே நிலைதான். மலாயாவின் பட்டணங்களில் வாளிக் கழிவறைகளைச் சுமந்து சுத்தம் செய்த தொழிலாளர்களில் பலர் தமிழரும் தெலுங்கரும். ஊரின் ஆரோக்கியம் அவர்கள் தோளில் இருந்தது. ஆனால் ஊர் அவர்களைத் தள்ளியே வைத்தது. ஃபவுலரின் துறையை மதிப்பது என்றால், அந்தத் தொழிலாளர்களின் உழைப்பையும் சேர்த்து மதிக்க வேண்டும்.

கழிவுநீரில் என்ன இருக்கிறது?

கழிவுநீர் என்றதும் முழுவதும் அழுக்கு என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அதில் ஏறத்தாழ 99.9 விழுக்காடு வெறும் தண்ணீர். மீதியுள்ள துளியளவில்தான் மலம், உணவுத் துணுக்கு, எண்ணெய், சோப்பு, மணல், நோய்க்கிருமிகள் எல்லாம் அடங்கியுள்ளன.

அந்தத் துளியளவே ஓர் ஆற்றைக் கொன்றுவிடும். அழுக்கு ஆற்றில் சேர்ந்தவுடன் நீரில் உள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கும். தின்னும்போது அவை சுவாசிக்கும். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் தீரும். மீன் மூச்சுத் திணறி மிதக்கும். ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்த பின், காற்று இல்லாமல் வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகும். அழுகிய முட்டை நாற்றமும் கறுப்பு நிறமும் அப்போதுதான் வருகின்றன.

எனவே கழிவுநீரின் வலிமையை அளக்க நல்ல வழி, அதில் உள்ள நுண்ணுயிர்கள் 5 நாளில் எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன என்று பார்ப்பது. இதையே பி.ஓ.டி. என்கிறார்கள். பிரிட்டனில் 1898இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், 1912இல் வெளியிட்ட எட்டாம் அறிக்கையில் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தது. ஆற்றில் விடும் நீரில் பி.ஓ.டி. 20, மிதக்கும் திடப்பொருள் 30 என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பது அதன் பரிந்துரை. மலேசியாவின் 2009ஆம் ஆண்டு கழிவுநீர் விதிமுறைகளிலும், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே விடப்படும் நீருக்கான ஏ தரத்தில் பி.ஓ.டி. எல்லை லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான். கோலா தெர்லா போன்ற ஊர்களுக்கு இந்த எண் முக்கியமானது.

வங்காளத்து ஆலைகளில் கண்டது

ஃபவுலரின் இந்தியத் தொடர்பு 1906 வாக்கில் தொடங்கியது. கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் வரிசையாகச் சணல் ஆலைகள் இருந்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்காக ஆலைகள் செப்டிக் தொட்டிகளைக் கட்டியிருந்தன. தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் ஹூக்ளியில் கலந்தது. அதே ஆற்றில் மக்கள் குளித்தனர், குடித்தனர், வழிபட்டனர். எதிர்ப்பு கிளம்பியது. வங்காள அரசு ஃபவுலரை அழைத்து ஆராயச் சொன்னது.

செப்டிக் தொட்டி என்பது காற்று புகாத மூடிய தொட்டி. கனமான கசடு அடியில் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதக்கும். நடுவில் உள்ள நீர் வெளியே போகும். அடியில் உள்ள கசட்டைக் காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் செரிக்கும். ஆனால் அது அழுக்கில் ஒரு பகுதியைத்தான் நீக்கும். நோய்க்கிருமிகள் பெரும்பாலும் வெளியேறும் நீரோடு போய்விடும். வெளிவரும் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் அது சுத்தமான நீர் அல்ல. இரண்டாம் கட்டமாக ஒரு சுத்திகரிப்பு அவசியம்.

இரண்டாம் கட்டத்துக்கு அன்று இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, பரந்த நிலத்தில் கழிவுநீரைப் பாய்ச்சுவது. மற்றொன்று, கல்லும் கரித்துண்டும் நிரப்பிய படுகைகளில் நீரைச் சொட்டவிடுவது. கற்களின் மேல் வழுவழுப்பாகப் படரும் நுண்ணுயிர்ப் படலம் அழுக்கைத் தின்னும். இரண்டுக்கும் நிறைய இடம் வேண்டும். வளர்ந்துகொண்டிருந்த மான்செஸ்டரில் இடம் இல்லை. படிந்த கசட்டைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் ஒரு பாட்டில்

1912இல் நியூயார்க் துறைமுகத்தின் நீர் மாசு பற்றி ஆலோசனை கூற ஃபவுலர் அமெரிக்கா சென்றார். அந்தப் பயணத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் பரிசோதனை நிலையத்துக்கும் போனார். 1887இல் தொடங்கப்பட்ட அந்த நிலையம் கழிவுநீர் ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. அங்கே கழிவுநீரைப் பாட்டில்களில் நிரப்பி, காற்றைச் செலுத்தி, என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிலில் பச்சைப் பாசி வளர்ந்திருந்தது, நீர் தெளிந்திருந்தது.

கழிவுநீரில் காற்றைச் செலுத்திப் பார்ப்பது அன்று புதிய யோசனை அல்ல. பலர் முயன்று, பெரிய பயன் இல்லை என்று கைவிட்டிருந்தனர். ஃபவுலர் கைவிடவில்லை. மான்செஸ்டர் திரும்பியதும், டேவிஹியூம் நிலையத்தில் பணியாற்றிய எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் ஆகிய இருவரிடமும் தாம் கண்டதைச் சொல்லி, அதேபோல் செய்து பார்க்குமாறு தூண்டினார்.

இதே வேளையில் ஃபவுலர் வேறொரு பாதையிலும் நடந்துகொண்டிருந்தார். நிலக்கரிச் சுரங்கத்து நீரில் கிடைத்த ஒரு பாக்டீரியாவுக்கு எம்-7 என்று பெயரிட்டு, மம்ஃபோர்ட் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து பரிசோதித்தார். சிறிது இரும்பு உப்பும் காற்றும் சேர்த்தால் அந்த ஒரே வகை நுண்ணுயிர் கழிவுநீரைத் தெளியவைக்கும் என்று நம்பினார். 1913இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. ஆனால் உலகம் பின்பற்றியது அந்த வழியை அல்ல. ஒரே ஒரு வகை நுண்ணுயிரைத் தேடிய ஃபவுலரின் முயற்சி ஓரமாக நின்றுவிட, அவர் தூண்டிவிட்ட மற்றொரு பரிசோதனை வென்றது.

கொட்டாமல் வைத்த கசடு

ஆர்டனும் லாக்கெட்டும் கழிவுநீரைப் பாட்டிலில் ஊற்றி, வெளிச்சம் படாமல் மூடி, இடைவிடாமல் காற்றைச் செலுத்தினார்கள். முதல் தடவை நீர் முழுவதும் சுத்தமாக, அதாவது அதில் உள்ள அமோனியா நைட்ரேட்டாக மாறி முடிய, ஏறத்தாழ 5 வாரங்கள் பிடித்தன. 5 வாரம் காற்றடிக்க எந்த நகராட்சியால் முடியும்? முன்னால் முயன்றவர்கள் கைவிட்டதும் இந்த இடத்தில்தான்.

இங்கேதான் அவர்கள் வேறொன்று செய்தார்கள். காற்றை நிறுத்தியதும் பாட்டிலின் அடியில் பழுப்பு நிறக் கசடு படிந்தது. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, கசட்டை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய கழிவுநீரை ஊற்றினார்கள். இரண்டாம் தடவை நேரம் குறைந்தது. மீண்டும் நீரை வடித்தார்கள், கசட்டை வைத்தார்கள், புதிய கழிவுநீர் ஊற்றினார்கள். கசடு சேரச் சேர, வாரக்கணக்கு நாள்கணக்கானது. பின்னர் ஒரே நாளுக்குள், கடைசியில் சில மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது.

எல்லாரும் குப்பை என்று கடலில் கொட்டிக்கொண்டிருந்த கசடுதான் வேலையாள் என்பது அப்போது தெரிந்தது. அதில் பல வகை நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாக, பஞ்சுத் திரள்போல ஒட்டி வாழ்கின்றன. ஒவ்வொரு தடவையும் அவற்றைக் கொட்டிவிட்டால், அடுத்த தடவை புதிதாகப் பெருக்க வேண்டியிருக்கும். வைத்துக்கொண்டால், பசியோடு காத்திருக்கும் பெரும்படை தயாராக இருக்கும். தோசை மாவுக்கு முந்தைய நாள் மாவில் ஒரு கரண்டி சேர்ப்பதையும், பாலுக்குப் பழைய தயிரை உறை ஊற்றுவதையும் அறிந்த நம் வீட்டுப் பெண்களுக்கு இது எளிதில் புரியும்.

1914 ஏப்ரல் 3ஆம் தேதி மான்செஸ்டரில் நடந்த வேதியியல் தொழில் சங்கக் கூட்டத்தில் ஆர்டனும் லாக்கெட்டும் தங்கள் ஆய்வை வாசித்தனர். அந்தக் கசட்டுக்கு உயிர்ப்புக் கசடு என்னும் பொருள்படப் பெயரிட்டனர். ஃபவுலரின் தூண்டுதலை அவர்கள் மறைக்கவில்லை, நன்றியோடு குறிப்பிட்டனர். ஆனாலும் பாடநூல்களில் பெரும்பாலும் அந்த இருவரின் பெயர்களே நிற்கின்றன. ஃபவுலர் ஆசிரியரைப் போன்ற இடத்தில் இருந்தார். மாணவர் பெயர் முன்னால் வந்ததால் ஆசிரியரின் பங்கு இல்லாமல் போய்விடாது.

1916இல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் இம்முறையில் பெரிய நிலையம் இயங்கத் தொடங்கியது. பிறகு அமெரிக்க நகரங்களும் இதைத் தழுவின. ஒரு தனியார் நிறுவனம் காப்புரிமை கேட்டு நகரங்கள்மீது வழக்குத் தொடர்ந்தது. மில்வாக்கி நகரம் 1930களில் அந்த வழக்கில் தோற்றது. ஊர்ப் பணத்தில், ஊர் ஊழியர்களால் கண்டறியப்பட்ட ஒன்றுக்கு இன்னோர் ஊர் விலை கொடுக்க வேண்டிய நிலை வந்தது.

பெங்களூரில் ஃபவுலர்

1916இல், ஏறத்தாழ 48 வயதில், ஃபவுலர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயன்முறை வேதியியல் பேராசிரியரானார். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கொடையால் உருவான அந்தக் கழகத்தில் 1921இல் உயிர்வேதியியல் துறை தொடங்கியபோது, அதன் முதல் பேராசிரியரும் அவரே. 1924வரை அங்கே இருந்தார். பின்னர் 1920களின் பிற்பகுதியில் கான்பூரில் உள்ள தொழில்நுட்பக் கழகத்தின் முதல்வராகவும் பணியாற்றினார்.

உயிர்ப்புக் கசடு முறையையும் அவர் தம்முடன் கொண்டுவந்தார். குளிர்ந்த மான்செஸ்டரைவிட வெப்பமான நாட்டில் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும் என்பது இந்தியாவுக்குச் சாதகம். டாட்டா இரும்பாலை நகரமான ஜாம்ஷெட்பூரில் அமைந்த நிலையம், இந்த முறையில் இந்தியாவில் எழுந்த தொடக்ககால நிலையங்களுள் ஒன்று.

அவர் விட்டுச்சென்ற ஆர்வம் பெங்களூரில் அணையவில்லை. அதே கழகத்தில் எஸ்.சி. பிள்ளை, வி. சுப்பிரமணியன் ஆகிய இருவரும் கசட்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். பாக்டீரியாக்கள் மட்டும் அல்ல, அவற்றைவிடப் பெரிய ஒரு செல் உயிரிகளான புரோட்டோசோவாக்களும் நீரைத் தெளியவைப்பதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்று 1942இல் லண்டனின் நேச்சர் இதழில் எழுதினார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் பெங்களூரிலிருந்து போன கண்டுபிடிப்பு அது. சுப்பிரமணியன் பின்னர் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநரானார்.

மண்ணுக்குத் திரும்ப வேண்டியது

வயது கூடக்கூட ஃபவுலரின் கவனம் நீரிலிருந்து மண்ணுக்கு நகர்ந்தது. பயிர் மண்ணிலிருந்து நைட்ரஜனை எடுக்கிறது. அது உணவாகி நம் வயிற்றுக்குள் போகிறது. பிறகு கழிவாகி ஆற்றில் சேர்ந்து கடலுக்குப் போய்விடுகிறது. மண் ஏழையாகிறது, ஆறு கெடுகிறது. இழந்ததை ஈடுகட்ட விலை கொடுத்து உரம் வாங்குகிறோம். கழிவிலும் குப்பையிலும் உள்ள நைட்ரஜனைக் காப்பாற்றி மண்ணுக்குத் திருப்ப வேண்டும் என்பதற்காகவே 1934இல் அவர் ஒரு நூல் எழுதினார். மக்கிய எரு தயாரிப்பதைப் பற்றி இந்தியாவில் தொடர்ந்து வலியுறுத்தினார்.

மில்வாக்கி நகரம் 1920களின் நடுப்பகுதியிலிருந்து உயிர்ப்புக் கசட்டை உலர்த்தி உரமாக விற்று வருகிறது. ஆனால் பச்சைக் கசட்டை அப்படியே காய்கறிப் பாத்தியில் கொட்டுவது ஆபத்து. குடற்புழு முட்டைகளும் நோய்க்கிருமிகளும் அதில் உயிரோடு இருக்கும். நன்கு மக்கவைத்து, உள்ளே சூடு ஏறி, அவை அழிந்த பிறகுதான் அது உரம். தொழிற்சாலைக் கழிவு கலந்த கசட்டில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் இருக்கலாம் என்பதால் சோதனையும் தேவை. கோழி எருவின் வாடையையும் ஈக்களையும் அறிந்த கேமரன் மலை விவசாயிகளுக்கு, மக்காத எருவுக்கும் மக்கிய எருவுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிலையத்தை நடத்துவது எப்படி?

இன்றைய சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீர் முதலில் கம்பிச் சல்லடையைக் கடக்கும். துணி, நெகிழிப் பை, தாள் அங்கே தங்கும். அடுத்து மணலும் எண்ணெயும் பிரிக்கப்படும். பெரிய நிலையங்களில் ஒரு படிவுத் தொட்டியும் இருக்கும். அதன்பின் காற்றூட்டும் தொட்டி. இதுதான் 1914இன் பாட்டிலுக்குப் பெரிய வடிவம். பல மணி நேரம் காற்று பெற்றபின், நீரும் கசடும் சேர்ந்து கடைசிப் படிவுத் தொட்டிக்குப் போகும். தெளிந்த நீர் மேலே வழிந்து வெளியேறும். கசட்டில் பெரும்பகுதி மீண்டும் காற்றூட்டும் தொட்டிக்கே திரும்பும். பெருகிய உபரி மட்டும் தனியே எடுக்கப்படும்.

இதை நடத்துகிறவரின் வேலை, ஒரு வகையில் மாடு வளர்ப்பதைப் போன்றது. தீனி, காற்று, இடம் மூன்றும் அளவாக இருக்க வேண்டும். தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் இருப்பது நல்லது. காற்று இயந்திரம் சில மணி நேரம் நின்றாலே கசடு கறுக்கத் தொடங்கும். உபரிக் கசட்டை எடுக்காமல் விட்டால் தொட்டி நிரம்பி, கசடு நீரோடு ஆற்றுக்குப் போகும். அதிகமாக எடுத்துவிட்டால் வேலை செய்ய ஆள் இருக்காது.

அனுபவசாலிகள் விலை உயர்ந்த கருவி இல்லாமலே பாதி நிலையைச் சொல்லிவிடுவார்கள். ஒரு லிட்டர் கண்ணாடிக் குழாயில் தொட்டி நீரை எடுத்து 30 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். கசடு பழுப்பு நிறத்தில் சீராகக் கீழே இறங்கி, மேலே நீர் தெளிந்தால் நலம். இறங்காமல் பஞ்சுபோல மேலே நின்றால், நூல்போல நீளும் நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன என்று பொருள். மழைக்குப் பிந்தைய மண்வாசனை நல்ல அறிகுறி. அழுகிய வாடை காற்றுக் குறைவின் அறிகுறி. மலைப்பகுதியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகவே வேலை செய்யும். சமவெளிக் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது.

நம் வீட்டுத் தொட்டி

மலேசியத் தீபகற்பத்தின் பெரும்பகுதியில் 1994 முதல் இண்டா வாட்டர் நிறுவனம் பொதுக் கழிவுநீர்ச் சேவையைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் சிற்றூர்களிலும் தோட்டங்களிலும் பல வீடுகள் இன்னும் செப்டிக் தொட்டியையே நம்பியுள்ளன. அந்தத் தொட்டியிலிருந்து 2 ஆண்டுக்கு ஒருமுறை கசட்டை எடுக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் அறிவுரை. அடைத்துக்கொண்டால்தான் கூப்பிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அடைப்பு தெரிவதற்கு நெடுநாள் முன்பே, நிரம்பிய தொட்டி கசட்டைச் சத்தமில்லாமல் வாய்க்காலில் தள்ளத் தொடங்கிவிடுகிறது.

ஃபவுலர் வழிகாட்டிய பாடம் இங்கேயும் அதேதான். தொட்டிக்குள் இருப்பவை உயிர்கள். குளோரின் கலந்த கிருமிநாசினியைக் குடம்குடமாக ஊற்றினால் அவை சாகும். மிச்சமான பூச்சிமருந்தைக் கழிவறையில் கொட்டினால் சாகும். சமையல் எண்ணெய் குழாயை அடைக்கும். ஈரத் துடைப்பான், அணையாடை போன்றவை எந்த நுண்ணுயிருக்கும் உணவல்ல. மழைநீர்க் குழாயைத் தொட்டியில் இணைத்தால், ஒரே மழையில் கசடெல்லாம் வெளியே அடித்துக்கொண்டு போய்விடும்.

மிக முக்கியமான இன்னொரு செய்தி. செப்டிக் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு நொடிகளில் மயக்கமுறச் செய்து உயிரைக் குடிக்கும். தமிழ்நாட்டில் இவ்வாறு இறங்கி இறந்த தொழிலாளர்களின் செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்கி இருவரும் மாண்ட கதைகள் உண்டு. மூடியைத் திறப்பதும் கசட்டை உறிஞ்சுவதும் லாரியோடு வரும் பயிற்சி பெற்ற ஆட்களின் வேலை.

ஃபவுலருக்கு நம் ஊரில் சிலையோ சாலைப் பெயரோ இல்லை. 1953இல் அவர் மறைந்தபோது, கேமரன் மலையின் மின் திட்ட அணைகூட எழும்பியிருக்கவில்லை. ஆனால் பாட்டிலின் அடியில் படிந்த பழுப்புக் கசட்டைக் கொட்டிவிடாமல் வைத்துப் பார்க்க வழி காட்டிய அந்த மனிதரின் கணக்கு இன்றும் மாறவில்லை. கசட்டுக்குத் தேவையானதைக் கொடுக்க வேண்டும். உபரியை உரிய காலத்தில் எடுக்க வேண்டும்.

கோலா தெர்லாவில் உங்கள் வீட்டுத் தொட்டி கடைசியாக எந்த ஆண்டு சுத்தம் செய்யப்பட்டது என்று வீட்டுப் பெரியவரிடம் இன்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதில் நினைவுக்கு வரவில்லை என்றால், லாரிக்குச் சொல்லும் நேரம் வந்துவிட்டது.